99-க்கு 0



2019 ஏப்ரல் 18. தெலங்கானாவில் இன்டர்மீடியட் முடிவு வந்த நாள். நம்மூர் பிளஸ் ஒன், பிளஸ் டூவைத்தான் அங்கே ‘இன்டர்’ என்பார்கள். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் பெயில். அதில் ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம். விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் 99!

இது எப்படி நடந்தது தெரியுமா? தாள் திருத்துகிறவர், போட்ட மதிப்பெண்ணை ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிக் காட்ட வேண்டும். இரண்டு ஒன்பதுக்குப் பதில் இரண்டு பூஜ்யம் நிரம்பிவிட்டது. சரிபார்க்க உட்கார்ந்தவர் கண்ணிலும் படவில்லை. கணினி, கொடுத்ததை வாங்கிக்கொண்டது. தாய்மொழிப் பாடத்தில் ஒரு பிள்ளை சுத்தமாகப் பூஜ்யம் வாங்குமா என்று கேட்க அந்த வரிசையில் ஓர் ஆள்கூட இல்லை.

தேர்வு எழுதிய சிலரை ‘ஆப்சென்ட்’ என்றும் காட்டியது முடிவு. ஹைதராபாத் நாம்பள்ளியில் உள்ள இன்டர் வாரியத்தின் வாசலில் பெற்றோரும் மாணவர் சங்கங்களும் திரண்டார்கள். அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை விட்டார்கள். (இதைக் கேட்கிற யாருக்காவது மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.)

அரசு மூன்று பேர் குழு அமைத்தது. முடிவுகளைத் தயாரிக்கும் வேலை அப்போது ஒரு தனியார் நிறுவனத்திடம் போயிருந்தது. புது முறைக்கு மாறும்போது பழைய முறையையும் கூடவே ஓட்டி ஒப்பிட்டிருக்க வேண்டும் என்றது குழு. கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்கூட உப்புப் பார்க்காமல் பந்திக்கு அனுப்ப மாட்டார்.

தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அந்தத் தெலுங்குத் தாளைத் திருத்திய தனியார் பள்ளி ஆசிரியைக்கு 5000 ரூபாய் அபராதம்; வேலையும் போயிற்று. சரிபார்த்தவர் சஸ்பெண்ட். அவர்கள் செய்தது தவறுதான். ஆனால் சோதித்துப் பார்க்காமல் லட்சக்கணக்கான பிள்ளைகள்மேல் ஒரு முறையை ஏவியவர்களின் தவறுக்கு என்ன விலை?

இதற்கு மேலும் ஒன்று உண்டு. பெயிலான அத்தனை பேரின் தாளையும் கட்டணமில்லாமல் மறுபடி சரிபார்த்தார்கள். மே மாதக் கடைசியில் கணக்கு வந்தது: புதிதாகப் பாஸானவர்கள் ஆயிரத்துச் சொச்சம். அப்படியானால் மீதி மூன்று லட்சம்? அவர்கள் ‘முறைப்படி’ பெயிலானவர்கள். இயந்திரத்தின் பிழைக்கு ஊர் கொதித்தது. இவர்கள் ஏன் தேறவில்லை என்று கேட்க யாரும் நாம்பள்ளிக்குப் போகவில்லை. அரசு ஜூனியர் கல்லூரிகள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த விரிவுரையாளர்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ஊரெங்கும் கிளை பரப்பிய கார்ப்பரேட் கல்லூரிகளோ முடிவு வந்த மறுநாளே ரேங்க் வாங்கிய முகங்களை நாளிதழில் முழுப் பக்கத்துக்கு அச்சிடும். பிள்ளை ரேங்க் எடுத்தால் கல்லூரியின் பெயர், பெயிலானால் பிள்ளையின் பெயர். இந்தக் கணக்கு நம் தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை.

பிறகு கொரோனா. வகுப்பெல்லாம் செல்போனில். செல்போன் இல்லாத வீட்டில் அதுவும் இல்லை. 2021 டிசம்பர் 16-ல் முதலாண்டு முடிவு வந்தது. தேறியவர்கள் 49 சதவீதம்தான். மறுபடி போராட்டம். டிசம்பர் 24-ல் கல்வி அமைச்சர் சபிதா இந்திரா ரெட்டி, பெயிலான எல்லோருக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் 35 கொடுத்துப் பாஸ் என்று அறிவித்தார். எட்டே நாள்! இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் தோல்வி, பிள்ளைகளுடையது இல்லை என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

2022-ல் மறுபடி வழக்கமான தேர்வு. ஜூனில் முடிவு வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெயில். அந்த ஆண்டு யாருக்கும் 35 கிடைக்கவில்லை.