கடிகாரம் காட்டாத மணித்தியாலங்கள்



நம்மில் பலருக்கு இன்று இரண்டு ஊர். கட்டுநாயக்காவிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் சுமார் 11 மணித்தியாலம். குளிர்காலத்தில் இங்கே பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டால், அங்கே மாலை ஆறரைக்கு இறங்குவோம். கடிகாரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம்தான். கால்களுக்கோ முழுப் பதினொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் கட்டுநாயக்கா வரையான வாகனப் பயணத்தையும் கூட்டவேண்டும்.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாது இருந்து பயணித்தால், நாளத்தில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என 2007இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே. ஆகவே அஞ்சவேண்டாம், அசைவோம். இடையிடையே எழுந்து நடப்போம். இருக்கையிலேயே கணுக்காலை மடக்கி நீட்டுவோம். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் முன்கூட்டியே வைத்தியரைக் காணவேண்டும்.

பயணத்தின் பின் சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் எங்கள் அம்மாமார், பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று அதைப் பயணக் களைப்பாக்கி மறைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராமல் நாமே கேட்போம்.