நெஞ்சு வலியும் லைசென்சும்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நமக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. இருதய நோய் கண்ட ஒரு தொழிலாளி வண்டி ஓட்டலாமா, அவருடைய லைசென்சு என்னாகும், வேலை என்னாகும் என்பதே அது.

இது டிரைவர்கள் விஷயம்தானே என்று யாரும் நினைக்கவேண்டாம். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், டவுனுக்குச் சாமான் வாங்கப் போவதும் அதில்தான். லைசென்சு போனால் கால் போனதுபோல.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறோம். பால் லாரி ஓட்டிய ஒரு தோழருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாளே லாரியில் ஏறிவிட்டார். வீட்டிலே நான்கு பிள்ளைகள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். மேட்டு லயத்துக்குக் கீழே உள்ள இறக்கத்தில் தலை சுற்றியது. லாரி கானில் இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கை ஒடிந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் அரை மணி நேரம் முன்னதாக என்றால், அதே இறக்கத்தில் நம் பெண்கள் பால் வாளியோடு வரிசையாக நடந்து வந்திருப்பார்கள்.

அவர் மறைத்தார் என்று நிர்வாகம் கடிதம் கொடுத்தது. மறைத்தது அவர் மட்டுமா? செக்ரோல் எழுதுகிற நமக்கு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரியும். கங்காணிக்கும் தெரியும். ஆபீசுக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்த வெட்கத்தில்தான் இன்றைக்குப் பேசுகிறோம்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி, லைசென்சுக்கு மனுச் செய்கிறவர், வண்டி ஓட்டினால் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய நோயோ ஊனமோ தமக்கு உண்டா இல்லையா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். லைசென்சு எடுத்த பிறகு அப்படிப்பட்ட நோய் வந்தாலும் அதை ரத்துச் செய்யும் அதிகாரம் ஜே.பி.ஜே.க்கு உண்டு. கவனியுங்கள், தோழர்களே! இருதய நோய் என்று பெயர் வந்தாலே லைசென்சு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. ஆபத்து உண்டா என்றுதான் கேட்கிறது. மருந்தினால் அடங்கிய நோய் வேறு. திடீர் திடீரென்று மயக்கம் தருகிற நோய் வேறு.

லைசென்சிலும் இரண்டு விதம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்கான பி2, காருக்கான டி ஆகியவற்றைப் புதுப்பிக்கப் பணத்தைக் கட்டினால் போதும். யாரும் நம் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதில்லை. அதனாலேயே பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. சரக்கு லாரி ஓட்டுகிறவருக்கோ ஜி.டி.எல். என்னும் தொழில் லைசென்சும் வேண்டும். அதற்கு டாக்டர் சோதித்து எல்8ஏ பாரத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டும். அந்த டாக்டரிடம் நோயை மறைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று. உடம்பு சரியில்லை, இப்போது ஓட்டப் போவதில்லை என்று லைசென்சைப் புதுப்பிக்காமல் போட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 3 ஆண்டு தாண்டினால் புதுப்பிக்க முடியாது. பரீட்சையை முதலிலிருந்து எழுதவேண்டும். ஓட்டாமல் இருப்பது வேறு, லைசென்சைச் சாகவிடுவது வேறு.

மாரடைப்புக்குப் பிறகு எத்தனை நாள் ஓட்டக்கூடாது? பிரிட்டனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடைபட்ட இரத்தக் குழாயைப் பலூன் வைத்து நன்றாகத் திறந்து, வேறு சிக்கலும் இல்லாவிட்டால், கார் ஓட்டுகிறவருக்கு 1 வாரம். இல்லையேல் 4 வாரம். லாரி, பஸ் ஓட்டுகிறவருக்குக் குறைந்தது 6 வாரம். அதன் பிறகும் சோதனையில் தேறவேண்டும். இது நம் நாட்டுச் சட்டமல்ல. ஆனால் பெரிய வண்டிக்குப் பெரிய எச்சரிக்கை வேண்டும் என்ற நியாயம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். உங்களுக்கு எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மோட்டார் சைக்கிள் எப்போது ஓட்டலாம்? லாரி, டிராக்டர் ஓட்டலாமா? கொடுத்த மருந்தில் எது தலைசுற்றல் தரும்? பதிலை எழுதி வாங்குங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சிலருக்குத் தலைசுற்றல் தரும். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். வழியில் நெஞ்சு வலித்தால் முதலில் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். பிறகு உட்கார்ந்துகொண்டு மாத்திரையைப் போடுங்கள். வலி அடங்காவிட்டால் 999-க்குப் போன் செய்யுங்கள். "இன்னும் ஒரு மைல்தானே" என்று ஓட்டாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் அடுப்பு எரியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தருகிற உரிமை அது. பழைய வேலையே செய்ய முடியாமல் போனால், சொக்சோவில் இயலாமை பென்ஷன் இருக்கிறது. நோயினால் சம்பாதிக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனவர்களுக்கு, சந்தாக் கணக்கும் வயதும் சரியாக இருந்தால், அது கிடைக்கும். வேறு வேலைக்குத் திரும்ப உதவும் திட்டமும் சொக்சோவில் உண்டு. மனு எழுதத் தெரியாதவர்கள் கிளைக்கு வாருங்கள். எழுதுகிற கை இங்கே இருக்கிறது.

நிர்வாகத்திடம் நாம் கேட்பதும் ஒன்றுதான். டாக்டர் "ஓட்டாதே" என்று சீட்டுக் கொடுத்தால், அதை வேலை நிறுத்தும் சீட்டாக ஆக்காதீர்கள்; அவருக்கு வேறு வேலை கொடுங்கள். உண்மை சொன்னவனுக்குத் தண்டனை என்றால், அடுத்தவன் பொய்தான் சொல்லுவான். அந்தப் பொய் லாரியில் ஏறி நம் பிள்ளைகள் நடக்கிற சாலையில் வரும்.

அந்தப் பால் லாரித் தோழருக்காகக் கிளை மூன்று முறை பேச்சு வார்த்தைக்குப் போனது. இன்று அவர் ஸ்டோரில் பால் நிறுக்கிறார். சம்பளம் முன்னைவிடக் குறைவு, அதையும் மறைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் கோரிக்கை இன்றைய தீர்மானங்களில் நான்காவதாக இருக்கிறது. கை தூக்கும்போது நினைவில் வையுங்கள். நாளைக்கு அந்த இடத்தில் நம்மில் யாரும் நிற்கலாம்.