சிறுசேமிப்பும் உலகப் பயணமும்



வெளிநாட்டுப் பயணம் செல்வர்க்கே உரியது என்றெண்ணி நம்மில் பலர் வாளாவிருக்கிறோம். கொச்சியில் தேநீர்க்கடை நடத்திய விஜயன்-மோகனா தம்பதியர் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினர். நாளொன்றுக்கு 300 ரூபாய் சேர்த்தனர்; போதாமைக்குக் கடன் பெற்றனர்; ஊர் திரும்பித் தேநீர் விற்றே அதனை அடைத்தனர். 2007-இல் புறப்பட்டவர்கள் 26 நாடுகள் கண்டனர். 2021-இல் ருஷ்யா சென்று மீண்ட சில வாரங்களில் விஜயன் மறைந்தார். வாய்க்கும் காலமோ சிறிது, ஆதலின் தள்ளிப்போடலாகாது.

கடன்பட அஞ்சுவோர் அண்மையில் தொடங்கலாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த பத்மநாபபுரம், நம் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவே. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அவ்வரண்மனையைக் கேரள அரசு பேணுகிறது. இரு நிலத்துக்கும் உரிய நம் குழந்தைகட்கு அதனினும் பொருத்தமான முதற்பயணம் யாதுளது? அதனை இவ்வாண்டே காட்டுவோம். அடுத்த பயணத்திற்கு உண்டியல் ஒன்றும் வாங்கித் தருவோம்.