சாவி இருக்கும் இடம்

மூலக்குளத்தில் ஒரு வீடு. மகன் பிரான்சில், அம்மா மட்டும் இங்கே. குளிப்பாட்டி, மாத்திரை எடுத்துக் கொடுக்க தினமும் ஒரு பெண்மணி வருகிறார். பீரோ சாவி தலையணைக்கு அடியில் இருப்பது அவருக்கும் தெரியும். அவ்வளவு நம்பிக்கை! ஆனால் நம்பிக்கையோடு விசாரிப்பும் வேண்டும்.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்கு மத்திய அரசு தந்த மாதிரி விதிகள் சொல்வது இது: முதியவர் கேட்டுக்கொண்டால், வீட்டு வேலைக்கு வருபவரின் பின்னணியைக் காவல்துறை உடனே விசாரிக்க வேண்டும்.

நீங்களும் வேலைக்கு வருபவரின் ஆதார் நகல், சொந்த ஊர் முகவரி வாங்கி வையுங்கள். முன்பு வேலை பார்த்த வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். நேர்மையாக உழைப்பவருக்கு அதுவே நற்சான்று. உதவிக்கு முதியோர் உதவி எண் 14567. பெற்றவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம்!