முன் அச்சின் எடையும் அகல டயரின் காற்றும்



பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடையில் திருச்சூரும் எறணாகுளமும் கிடக்கின்றன. ஆனாலும் இந்த இரண்டு எல்லைகளையும் ஒரே கருத்தரங்கில் சேர்த்தது சரி என்றே நினைக்கிறேன். தமிழ்நாட்டுச் சரக்கு கேரளத்துக்குள் நுழையும் வாசல்கள் இவை. ஒரு பக்கம் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம். கணவாய்த் தரை, வெயில், வேகம். மறுபக்கம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. மழை, கொண்டை ஊசி வளைவு, நீண்ட இறக்கம். ஒரே லாரி ஒரே வாரத்தில் இரண்டையும் பார்த்துவிடுகிறது. அந்த லாரியின் முன் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பொருள். அதிலும் அகல டயர்.

அகல டயர் என்று நான் சொல்வது 385/65 ஆர் 22.5 அளவை. நம் சாலையில் இதைப் பெரும்பாலும் ட்ரெய்லரிலும் கிரேனிலும் பார்க்கிறோம். ஐரோப்பாவில் கனரக டிப்பருக்கும் கான்கிரீட் மிக்சருக்கும் முன் அச்சிலேயே இதைப் போடுகிறார்கள். அங்கே முன் அச்சு 9 டன் வரை சுமக்கிறது. டயரின் பக்கச்சுவரில் 160 என்ற சுமைக் குறியீடு இருந்தால், ஒரு டயர் 4,500 கிலோ தாங்கும் என்று பொருள். இரண்டு டயருக்கு 9 டன். அந்தச் சுமைக்குக் காற்று 9 பார், அதாவது நம் கடைகளில் சொல்வதுபோல் 130 பவுண்டு. கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

நம் சட்டம் வேறு. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடைகளை உயர்த்தியபோது, இரண்டு டயர் கொண்ட முன் அச்சுக்கு 6 டன் 7 டன் ஆனது. ஆக, ஒரு டயரின் பங்கு 3,500 கிலோ. 4,500 கிலோவுக்கு உரிய 130 பவுண்டை 3,500 கிலோவுக்கு ஏன் அடிக்க வேண்டும்? பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் முழுச் சுமைக்கு உரியது. நம் வண்டியின் முன் அச்சு என்ன சுமக்கிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

டயர்ப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வழக்கமான கணக்கு ஒன்று உண்டு. சுமை விகிதத்தை 1.25 அடுக்குக்கு உயர்த்தினால் காற்றழுத்த விகிதம் கிடைக்கும். 3,500ஐ 4,500ஆல் வகுத்து அப்படிச் செய்தால் 0.73 வருகிறது. 130இல் 0.73 பங்கு, 95 பவுண்டு. இதே 7 டன் அச்சில் 152 குறியீடுள்ள 295/80 ஆர் 22.5 டயர் இருந்தால் ஏறத்தாழ 120 பவுண்டு வேண்டும். அகலம் கூடும்போது உள்ளே அடங்கும் காற்றின் அளவு கூடுகிறது. அதே சுமையைக் குறைந்த அழுத்தத்தில் தாங்கிவிடுகிறது. நான் சொல்வது கணக்கு மட்டுமே. டயர் நிறுவனம் தரும் சுமை-காற்றுப் பட்டியலே இறுதியானது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் காற்று என்ன கெடுதல் செய்துவிடும் என்று ஓட்டுநர் நண்பர்கள் கேட்பது எனக்குத் தெரியும். தரையைத் தொடும் பரப்பைப் பாருங்கள். 3,500 கிலோவை 95 பவுண்டில் தாங்கும் டயர் தோராயமாக 520 சதுர சென்டிமீட்டர் தரையைப் பிடிக்கிறது. 130 பவுண்டில் அது 385க்கு அருகே வந்துவிடுகிறது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிடிமானப் பரப்பு போகிறது. போடிமெட்டின் பதினேழு வளைவுகளில், நனைந்த தாரில், பிரேக் மிதிக்கும் நேரத்தில் இழக்கக் கூடியதா அது? பட்டன் நடுவில் மட்டும் தேயும், குழியில் விழுந்தால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி அறும், ஸ்டியரிங் அலையும். இவை எல்லாம் அதற்குப் பின்னால் வரும் செலவுகள்.

குறைந்த காற்று அதைவிடக் கொடியது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிர்கிறது; அந்த வளைவு வெப்பமாகிறது. வாளையாற்றிலிருந்து வடக்கஞ்சேரி வரை நாற்கரச் சாலையில், சித்திரை வெயிலில், அந்த வெப்பம் போக வழியில்லை. முன் டயர் வெடித்தால் பின் டயர்போல் பக்கத்து டயர் தாங்காது. வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த நொடி தீர்மானிக்கிறது.

காற்றை எப்போது பார்ப்பது? டயர் ஆறியிருக்கும்போது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வாளையாறு வணிகவரிச் சாவடியின் நீண்ட வரிசை மறைந்தது. அந்தக் காத்திருப்பு ஓட்டுநர்களுக்கு நரகம். அது போனதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் டயர் ஆறிய நேரமும் அதுதான். இப்போது நிற்காமல் ஓடி வந்த வண்டியைப் பஞ்சர் கடையில் நிறுத்தி, சூட்டோடு கேஜ் வைக்கிறோம். 95 காட்ட வேண்டியது 108 காட்டுகிறது. உடனே வால்வை அழுத்தி இறக்குகிறோம். தவறு அங்கே. விடியற்காலை 25 டிகிரியில் 95 இருந்த டயர், நிழலிலேயே நின்றாலும் 40 டிகிரியில் 100க்கு வந்துவிடும். ஓட்டத்தில் இன்னும் பத்து ஏறுவது இயல்பு. அதை இறக்கினால் மறுநாள் காலை டயர் பட்டினி கிடக்கும்.

மலையேறினால் காற்று விரியும், அதனால் அடிவாரத்திலேயே இறக்கிக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் ஒன்றரை பவுண்டு கூடும். அங்கே ஆறேழு டிகிரி குளிர் என்பதால் இரண்டு பவுண்டுக்கு மேல் குறையும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன. எதையும் தொட வேண்டியதில்லை.

கம்பியால் டயரைத் தட்டி ஓசை கேட்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்க இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும். எழுபதையும் தொண்ணூற்றைந்தையும் பிரித்துச் சொல்லாது. கண்ணும் அப்படியே. நைலான் டயரில் வளர்ந்த கண்ணுக்கு, ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் பிதுங்கித்தான் தெரியும். அதைப் பார்த்து இன்னும் பத்து அடி என்கிறோம்.

என் மனத்தை அழுத்தும் விஷயம் ஒன்று. உரிய காற்றில் இருபது சதவீதம் குறைந்து ஓடிய டயரைக் காற்றில்லாமல் ஓடிய டயராகவே கருத வேண்டும் என்பது உலகெங்கும் தொழிலில் உள்ள விதி. அதன் பக்கச்சுவர்க் கம்பிகள் உள்ளுக்குள் அறுந்திருக்கலாம். அதில் மறுபடி காற்றடிக்கும்போது ஜிப் கிழிவதுபோல் சுவர் பிளந்து வெடிக்கும். நேரே குனிந்து ஹோஸைப் பிடித்திருக்கும் பையனுக்கு அப்போது விலக நேரமில்லை. கழற்றி, உட்புறம் தடவிப் பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீண்ட ஹோஸோடு விலகி நின்று அடிக்க வேண்டும். எத்தனை கடைகளில் கூண்டு இருக்கிறது? எல்லைச் சாலைகளில் எனக்குக் கண்ணில் படுவது அரிது. இந்தக் கருத்தரங்கின் முதல் தீர்மானம் கூண்டைப் பற்றியதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது எடை. நம் எடைமேடைகள் முழு வண்டியின் எடையைத் தருகின்றன; முன் அச்சின் எடையை யாரும் கேட்பதில்லை. மேடையும் அணுகுதளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். சரக்கோடு முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கலாம். இடது வலது பக்கங்களைத் தனியே பார்க்க முடிந்தால், கனமான பக்கத்துக்கு உரிய காற்றை இரண்டுக்கும் அடிக்கலாம். எம்-சாண்ட் ஏற்றும் டிப்பருக்கும், காய்கறி ஏற்றும் வண்டிக்கும் இந்தச் சீட்டு வேறுவேறாகத்தான் இருக்கும். காலியாகத் திரும்பும்போது இறக்க வேண்டாம். ஏற்றும் அதிகபட்ச எடைக்கே வைத்திருங்கள்.

பிற்பகல் அமர்வில் நிறுவனப் பட்டியல்களைத் தமிழிலும் மலையாளத்திலும் கடைச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிமையாக்குவது குறித்துப் பேச இருக்கிறோம். டயர் கடை நண்பர்கள் அந்த அமர்வு முடியும்வரை இருக்க வேண்டும்; பட்டியலைத் தினமும் பார்க்கப் போகிறவர்கள் நீங்கள். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.