மொட்டைமாடியில் ஒரு கம்பி: ஹாம் ரேடியோவில் டிஜிட்டல் முறை

(நமது காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழைக்கால ஏற்பாடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜெனரேட்டர், மோட்டார், மணல் மூட்டை என்று பட்டியல் போடுகிறோம். செல்போன் கோபுரமே படுத்துவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் பட்டியலில் வருவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழு, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளை வைத்துத்தான் அந்தமானிலிருந்து செய்திகளை அனுப்பியது.

அந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய இன்று எளிய வாசல், டிஜிட்டல் முறை. மைக்கில் பேச வேண்டாம். மடிக்கணினி எழுத்தை ஒலியாக்கும், ரேடியோ அதை அனுப்பும், எதிர்முனைக் கணினி மறுபடி எழுத்தாக்கும். அதிகம் புழங்குவது எஃப்டி8. 2017-இல் வந்தது, உருவாக்கிய இருவரில் ஒருவர் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர். இரைச்சலில் புதைந்து காதுக்கே எட்டாத சிக்னலையும் இது படித்துவிடும். அதனால் சில வாட் சக்தியே கடல் தாண்டப் போதும்.

கேட்பதிலிருந்து தொடங்குங்கள். காசு செலவில்லை. இணையவழி ரிசீவர் ஒன்றைப் போனில் திறந்து 14.074 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மடிக்கணினியில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் மைக் அருகே போனை வைத்தாலே போதும், திரையில் அழைப்புக்குறிகள் வரிசையாக விழும். ஒன்றும் விழவில்லையென்றால் முதலில் கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள். எல்லாரும் 15 நொடி முறை வைத்து அனுப்புவதால், சில நொடி பிசகினாலும் திரை வெறுமையாகவே இருக்கும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃப்டி8-இல் சொந்தமாக எழுத ஒரு முறைக்கு 13 எழுத்துதான் இடம். "முதல் தளம் வரை தண்ணீர், இரண்டு முதியவர்கள்" என்று அதில் சொல்ல முடியாது. கை பழகியதும், அதே நுட்பத்தில் உரையாட வழிசெய்யும் ஜேஎஸ்8கால் பக்கம் போய்விடுங்கள். ஆபத்துக்கு உதவுவது அதுதான்.

அனுப்ப உரிமம் கட்டாயம். மத்திய அரசின் தேர்வை 12 வயது முடிந்தவர் எவரும் எழுதலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. பிள்ளைகளை எழுத வையுங்கள், பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள்.

செயற்குழுவிடம் நான் கேட்பது, பி பிளாக் மொட்டைமாடியில் சுமார் 10 மீட்டர் நீளக் கம்பி ஒன்றுக்கு அனுமதி. துணி காயப்போடும் கொடியைவிட உயரத்தில்தான் இருக்கும், யார் தலையிலும் இடிக்காது. இடி மின்னலின்போது கழற்றிவிடுவேன். கம்பியைவிடப் பெரிய தலைவலி நம் வீட்டு மலிவு எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கிளப்பும் இரைச்சல். சிறிய ரேடியோ ஒன்றோடு மாடி மாடியாக ஏறி, எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பார்க்கப் போகிறேன். கதவைத் தட்டினால் திறங்கள்.