ஒரே பெயரில் இரண்டு கணக்கு

சென்ற காலாண்டு பில்லில் பராமரிப்புத் தொகை இருக்க வேண்டிய இடத்திலும் தண்ணீர்க் கட்டணமே வந்திருந்தது. பில் பக்கத்தை எழுதியவன் நான். தவறும் என்னுடையதுதான்.

பராமரிப்புக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று என இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். இரண்டிலும் ‘டோட்டல்’ என்றே ஃபங்ஷனுக்குப் பெயர் வைத்துவிட்டேன். சாதாரணமாக ஏற்றினால் பிரவுசருக்கு எல்லாக் கோப்பும் சேர்ந்து ஒரே பேரேடு. பின்னால் வந்த ‘டோட்டல்’ முன்னதை அழித்துவிடும், எச்சரிக்கைகூட வராது. வங்கியில் ஒரே எண்ணில் இரண்டு கணக்கு திறக்க விடுவார்களா?

இதற்கு 2015-இல் வந்த தரத்திலேயே வழி இருக்கிறது: மாட்யூல். ஸ்கிரிப்ட் டேகில் டைப் என்பதற்கு மாட்யூல் என்று கொடுத்தால் ஒவ்வொரு கோப்பும் தனிப் பேரேடு. வெளியே தர வேண்டியதற்கு முன்னால் ‘எக்ஸ்போர்ட்’ போட வேண்டும். வாங்கும் கோப்பில் ‘இம்போர்ட்’, எந்தக் கோப்பிலிருந்து என்ற விலாசத்தோடு. இரண்டு ‘டோட்டல்’ தேவையென்றால் ‘ஆஸ்’ போட்டு வேறு பெயரில் வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்போர்ட் செய்யாத பெயரைக் கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும். தப்பான பில்லுக்கு அது எவ்வளவோ மேல்.

என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது வேறு. கணினியில் இருக்கும் பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறந்தால் மாட்யூல் ஓடாது. சர்வர் வழியாகத்தான் திறக்க வேண்டும்.

இந்தக் காலாண்டு பில்லைப் பழைய ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரோகிராம் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஞாயிறு காலை அலுவலக அறைக்கு அனுப்புங்கள். நான் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும்.